தொட்டியில் ஊற்றிய கடல்

ஞானம்பாள் கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கைகளில் ஆஸ்பத்திரி ரப்பர் உறை. தலையைத் திருகி எறிந்து, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை ஊசி முனையால் இழுத்துவிட்டு, சதையைக் கடுகளவுக்கு நறுக்கினாள். அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. இறாலுக்கென்று தனிக் கத்தி, தனிக் கிண்ணம். இரண்டும் அடுக்களைப் பக்கம் வராது.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த கல்யாணி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சைவக்காரங்க வூட்ல எறா வாசனை தூக்குது! எங்க பூனை காலையிலேர்ந்து உங்க மதிலையே மொறைச்சிகினு கீது."

"பூனைய நீயே புடிச்சி வெச்சுக்கோ. இது தொட்டியில கீற பவளத்துக்கு."

"கல்லுக்கா எறா? எங்க வூட்டுக்காரருக்கே ஞாயித்துக்கெழமை மட்டுந்தான்."

"கல்லு இல்லடி. அதுக்கு வாய் கீது, வயிறு கீது."

"சரி, சரி. அடுத்த ஜென்மத்துல உங்க வூட்டுத் தொட்டியில வந்து பொறக்கிறேன்."

ஞானம்பாள் சிரித்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் கிண்ணத்தில் இருப்பது எதற்கு என்று கல்யாணிக்கு அவள் முழுசாகச் சொல்லவில்லை. உள்ளே ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இப்போதைக்கு நாளில் ஒரே ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில், இந்த இறால் துணுக்குகளுக்காக மட்டும் அவர் கட்டிலை விட்டு இறங்குவார். பவளம் உயிரோடு இருக்கும்வரை அவர் இறங்குவார் என்பது ஞானம்பாளின் கணக்கு.

அவர் பெயர் கேசவன், அவள் கணவர். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவர். அழுத்தம் காட்டும் முள், சூடு காட்டும் முள், இவை பொய் சொல்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, புதுப்பட்டினத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் கட்டிய சின்ன வீட்டுக்கு வந்தார்கள். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பேச்சு குறைய ஆரம்பித்தது. பிறகு பேப்பர் படிப்பது நின்றது. பிறகு பகலிலும் படுக்கை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, இதயத்துடிப்பில் கோளாறு இல்லை. தட்டை நீட்டினால் சாப்பிடுவார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் குளிப்பார். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள் ஞானம்பாள். காரணம் எதுவும் அகப்படவில்லை.

அவள் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்து, வயசு முழுக்கச் செங்கல்பட்டில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. படுக்கையில் விழுந்த பெரியவர்களைக் குளிப்பாட்டிப் புரட்டிப்போட விடியற்காலையிலேயே வீடு வீடாகப் போய்வருவாள். நோயாளியின் வீட்டாருக்கு அவள் வாய் என்றால் கொஞ்சம் பயம்தான். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்கும்போது, எல்லாக் குடும்பமும் "ஒரு வாரமா" என்றுதான் சொல்லும். ஞானம்பாள் பின்னால் நின்றுகொண்டு, "ஒரு வருஷத்த ஒரு வாரம்னு சொன்னா மருந்தும் ஒரு வாரத்துக்குத்தான் எழுதுவாங்க" என்பாள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு மாமியார் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தபோது, "இது பேய் இல்ல, பிசாசு இல்ல. மனநல ஓ.பி.க்குக் கூட்டிகினு போங்க. வெக்கத்தப் பாத்தா ஆளு மிஞ்ச மாட்டாங்க" என்று அந்த மருமகளை முகத்துக்கு நேராக அதட்டினவள்.

தன் வீட்டில் அதே படுக்கை விரிந்தபோது, அந்த ஓ.பி.யின் பெயரை அவள் வாய் எடுக்கவில்லை. மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த மகள் வைஷாலி போன் செய்தால், "அப்பா நல்லாத்தான் கீறாரு, தூங்கறாரு" என்றாள். தெருவில் யாராவது கொஞ்சம் தனியாகப் பேசினாலே 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று கல்யாணி வாயால் நாலு வீடு தாண்டும். ஞானம்பாள் வேறொரு வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் பவளம்.

கூடத்தில் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கேசவன் வேலையில் இருந்த காலத்திலேயே வைத்தது. கடல் மீன் மட்டும் வளர்த்தார். ஓய்வு பெற்ற பிறகு பவளத்தின் மேல் ஆசை வந்தது. மோட்டார், விளக்கு, மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஒரு இன்வர்ட்டர் என்று எல்லாம் வாங்கி மாட்டினார். செங்கல்பட்டில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் கலர் மீன் கடை வைத்திருந்த நௌஷாத்திடமிருந்து மான்கொம்புப் பவளம் வாங்கிவந்தார். நீல நுனியோடு பார்க்க அழகு. சில வாரங்களில் அடியிலிருந்து வெளுத்து எலும்பாக நின்றது. இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே. போன மார்கழியில் இரண்டாவது எலும்பைத் தொட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கு முழுசாகப் படுத்தவர்தான்.

தை மாதம், பொங்கல் கழிந்ததும், ஞானம்பாள் தானே மூடி போட்ட வாளியோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

"வாங்க நர்ஸம்மா. சார் வரல?" என்றார் நௌஷாத்.

"சாருக்கு ஒடம்பு சரியில்ல. எனக்கு ஒரு பவளம் வேணும் பாய். அழகா வேணாம். சாகக் கூடாது."

நௌஷாத் சிரித்தார். "எல்லாரும் அழகக் கேட்டுகினு வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆயுசக் கேட்டுகினு வர்றீங்க." கடையின் பின்பக்கம் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனார். "சாரு கேட்டது மான்கொம்பு. அது ஆபிசரு மாதிரி. வெளிச்சம் கொறைஞ்சா கோவம், தண்ணி கொஞ்சம் மாறினா கோவம். பழகாத கைக்கு அது வேணாம்னு சொன்னேன். கேக்கல."

ஞானம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். வார்டில் புதிதாக வந்த நோயாளியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். முன்னால் நின்றது குமிழ் குமிழாக, கண்ணாடிக் கோலிகளைக் கொட்டினாற்போல ஒரு பவளம்.

"இது?"

"பபுள். நல்ல ஜாதிதான். ஆனா அந்தக் குமிழு தோலு மெல்லிசு. தூக்கும்போது கை பட்டாக் கிழிஞ்சிடும்."

"வேணாம். பெட் சோர் வர்ற கேஸு." அடுத்ததைக் காட்டினாள். பச்சையாகப் பளபளத்தது.

"அது கேலக்சி. கெட்டிதான். ஆனா ராவுல நீளமாக் கொடுக்க நீட்டி அக்கம் பக்கத்துல இருக்கறதையெல்லாம் சுட்டுடும்."

"பக்கத்து பெட்டுக்காரன அடிக்கிற ஆளு. வேணாம். அந்தக் கிண்ணம்?"

"கிண்ணப் பவளம் நல்லதுதான். நடுவுல மண்ணு தங்கினா அழுகும். தெனமும் ஊதி விடணும்."

அவள் கண் மூளை போல மடிப்பு மடிப்பாக இருந்த ஒன்றில் நின்றது. சிவப்பும் பச்சையும் கலந்து அதுதான் அங்கே அழகு. ஓரத்தை உற்றுப் பார்த்தாள். சதை முடிகிற இடத்தில் நூல் அகலத்துக்கு வெள்ளை எலும்பு தெரிந்தது.

"பாய், இதுக்கு ஓரத்துல சதை வாங்கிடுச்சி. எனக்கே தள்ளி விடப் பாக்கறியா?"

"ஐயோ, அத நானே உங்களுக்குக் குடுக்க மாட்டேன்மா!" என்று நௌஷாத் காதைத் தொட்டுக்கொண்டார். பிறகு மூலையில் அடியில் கிடந்த ஒன்றைக் காட்டினார். பழுப்பும் மங்கிய பச்சையுமாக, கிளை கிளையாக, ஒவ்வொரு கிளை முனையிலும் நாதஸ்வரத்தின் வாய் போல ஒரு தலை. "ட்ரம்பெட்டு. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நடுத்தரமான வெளிச்சம் போதும். தண்ணி மெதுவா ஓடினாப் போதும். அடியில வெச்சிடுங்க."

"துன்னுமா?"

நௌஷாத் இறால் சாற்றை ஒரு குழாயால் சொட்டினார். கொஞ்ச நேரத்தில் தலைகளின் விளிம்பில் பொடிப் பொடியாக விரல்கள் எழும்பின. ஒரு துணுக்கு விழுந்ததும் விரல்கள் மூடி, துணுக்கு நடுவாய்க்குள் போனது. ஞானம்பாள் நிமிர்ந்தாள். வாய் திறந்து வாங்குகிற நோயாளியைக் கரையேற்றலாம் என்பது அவள் அனுபவம்.

"ஒரு தலை போனாலும் மத்த தலை நிக்கும் இல்ல?"

"நிக்கும். தனித்தனி ஆளுங்க மாதிரிதான்."

"இதையே போடு."

வீட்டுக்குக் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, அடியில் கல் இடுக்கில் நிறுத்தினாள். கேசவன் படுத்தபடியே பார்த்தார். மறுநாள் சாயங்காலம் இறால் கிண்ணத்தையும் குழாயையும் அவர் கையில் வைத்து, "எனக்குக் கண்ணு தெரியல. எந்த வாய் தொறந்துகீதுன்னு பாத்து நீங்களே ஊட்டுங்க" என்றாள். அவர் எழுந்தார். ஒவ்வொரு தலையாகப் பார்த்துப் பார்த்து ஊட்டினார். முடித்துவிட்டு, "அந்தக் கோடியில இருக்கறது ரெண்டாப் பிரியப் போவுது" என்றார். அவராகப் பேசிய அந்த ஒரு வாக்கியத்தை ஞானம்பாள் அன்றைக்கு முழுவதும் மனசுக்குள் வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள்.

மாசி, பங்குனி நன்றாகப் போயிற்று. போகப் போக, அவள் விடியற்காலையில் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் தானாகவே எழுந்து தொட்டியின் கண்ணாடியைத் துடைத்திருப்பார். இறால் நறுக்கும் கையுறை கொல்லைக் கொடியில் தொங்கும். கல்யாணியின் பூனை மதிலில் காவல் இருக்கும். இத்தோடு விட்டது என்றே ஞானம்பாள் நினைத்தாள்.

சித்திரையில் திரும்பவும் படுத்தார். சண்டை இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் கிண்ணத்தை நீட்டினால், "நீயே போடு" என்றார். மறுநாளும் அப்படியே. கட்டிலை மட்டும் கூடத்தில் தொட்டிக்கு எதிரே திருப்பிப் போட்டாள். பார்த்தால் எழுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அவரும் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தார்.

வெயில் ஏற ஏறத் தொட்டியில் தண்ணீர் தினமும் விரல்கடைக்கு இறங்கியது. இது ஞானம்பாளுக்குப் புதுசு. அவர் கவனித்தவரை அது இறங்கியதை அவள் பார்த்ததே இல்லை. தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர், குறைந்ததும் கடல் தண்ணீர். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஏற்கெனவே மாதம் ஒரு முறை சதுரங்கப்பட்டினத்து மோசஸ், அலைக்கு அப்பால் கட்டுமரத்திலிருந்து மொண்ட தெளிந்த தண்ணீரைக் கேன்களில் கொண்டுவந்து கொடுப்பான். தொட்டியில் பழசை இறைத்துவிட்டு அதை ஊற்றுவார்கள். இப்போது கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னாள்.

"கடல வித்துத் துன்ற மொத ஆளு நாந்தாம்மா" என்றான் மோசஸ், கேனை இறக்கிவைத்துவிட்டு. "இன்னா, உங்க மீனுங்க தண்ணியக் குடிச்சித் தீத்துடுச்சிங்களா?"

"வெயிலு குடிக்குது. நீ நாளைக்கும் கொண்டா."

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சொம்பால் மொண்டு மொண்டு தொட்டி நிரம்ப ஊற்றினாள். கட்டிலிலிருந்து கேசவன் பார்த்துக்கொண்டிருப்பார்.

பவளம் இளைத்தது. முதலில் சாயங்காலத்தில் விரல்கள் வரவில்லை. பிறகு சதை ஒட்டிப்போய், தலைகளுக்குள்ளிருந்த எலும்பு ஆரங்கள் தோலுக்குக் கீழே கோடு கோடாகத் தெரிந்தன. வாய்கள் மூட முடியாமல் பிளந்து நின்றன. இறாலைப் போட்டால் மேலேயே கிடந்தது. ஞானம்பாள் விளக்கை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள், மோட்டாரைத் திருப்பிப் பார்த்தாள். தொட்டியின் மேல் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் திரும்பவும் தட்டியது. கோடித் தலை, இரண்டாகப் பிரியப் போகிறது என்று அவர் சொன்னது, கரைந்து எலும்பு மட்டும் நின்றது. ஒரு தலை போனாலும் மற்றது நிற்கும் என்று அவள் கேட்டு வாங்கியது. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் போயின.

கடைசித் தலையும் சரிந்த அன்று மத்தியானம், வீட்டு போனில் எஸ்.டி.டி. வசதி இல்லாததால், முனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நௌஷாத்தைப் பிடித்தாள்.

"உப்பு அளந்தீங்களாம்மா?"

"அளக்கற குழாய் அவரு டிராயர்ல கீது. நான் தொட்டதில்ல. தண்ணிதான் தெனமும் நெறப்பறேனே."

"நல்ல தண்ணிதானே ஊத்தறீங்க?"

"மோசஸ் கொண்டாற்ற கடல் தண்ணி. சுத்தமா கீது."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஐயோ அம்மா! வெயில்ல ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு உள்ளயே நின்னுடும். அதுமேல இன்னும் உப்புத் தண்ணிய ஊத்தினா எந்த உசுரு தாங்கும்? கொறையறதுக்கு உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும். சாருக்கு இது தெரியுமேம்மா. எனக்கே சாருதான் சொல்லிக் குடுத்தாரு. அதுக்குன்னே பேட்டரித் தண்ணி கேன் கேனா வாங்கி வெச்சிருப்பாரே!"

ஞானம்பாள் ரிசீவரை வைத்தாள். இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பேட்டரித் தண்ணீர்க் கேன்கள் அவள் கண்முன் வந்தன. இன்வர்ட்டருக்கு என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். விடியற்காலையில் அவள் போன பிறகு அவர் அதைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். அவர் வேலையை அவர் செய்தவரை அவளுக்குத் தெரியவேண்டிய அவசியமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து கண்ணாடிக் குழாயை எடுத்துத் தொட்டியில் விட்டாள். சிவப்புக் கோட்டளவு மூழ்கி நிற்க வேண்டியது, கோட்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு மிதந்தது.

"உப்பு ஏறினா அது மேலதான் மெதக்கும்" என்றார் கேசவன் கட்டிலிலிருந்து.

ஞானம்பாள் திரும்பினாள். "தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் ஊத்தினத தெனமும் பாத்துகினுதானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இல்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன் ஞானம். மொத நாளே நெனைச்சேன். வாய் வரைக்கும் வருது, அதுக்கு மேல தூக்க முடியல. நாளைக்கு சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன். அப்புறம் அதுங்க சதை உள்ள போறதப் பாத்தேன். அப்பவும் முடியல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் உங்களுக்கே மாத்திரைய மாத்திக் குடுத்தேன்னு வெச்சுக்கோங்க. அப்பவாவது சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் கேசவன். முள் எங்கே நிற்கிறது என்று படித்துச் சொல்லும் அதே குரல்.

அவளுக்கு அழுகை வரவில்லை. திருக்கழுக்குன்றத்து மருமகளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணை அதட்டியது போல இந்த வீட்டில் யாரும் தன்னை அதட்டவில்லை. அதட்டக்கூடிய ஒரே ஆள் தான்தான். தானோ இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தொட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். பவளத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிழை இல்லை. அது கெட்டியான ஜாதிதான். இந்தப் படுக்கைக்கு வைத்தியமாக அதைக் கொண்டுவந்ததுதான் பிழை.

எழுந்து போய், பவள எலும்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். அழுகல் நாற்றம் அடித்தது. இரண்டு ஆரஞ்சு வரி மீன்கள் மட்டும் மூலையில் வேகவேகமாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றன. எலும்பைப் பாலிதீன் பையில் சுற்றிக் கொல்லையில் வைத்தாள். மதில்மேல் பூனை வந்து மோந்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை, வழக்கமாகப் போகும் வீடுகளுக்கு அன்று வர முடியாது என்று போன் செய்து சொன்னாள். பேட்டரித் தண்ணீர்க் கேனைத் திறந்து, ஒரேயடியாக ஊற்றினால் மீன் தாங்காது என்பதால், ஒரு டம்ளர் மட்டும் மெதுவாக ஊற்றினாள். கேசவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, இட்லியைப் பிட்டு ஊட்டினாள். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை.

வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கல்யாணி நிமிர்ந்தாள். "இன்னாக்கா, காலங்காத்தால ஜோடியா? கோயிலுக்கா?"

"செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. மனநல ஓ.பி."

கல்யாணியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. ஞானம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து நடத்தி, திருக்கழுக்குன்றம் வழி போகும் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தாள். ஓ.பி.யில் சீட்டு வாங்கி, பெஞ்சில் காத்திருந்து, அழைத்ததும் உள்ளே கூட்டிப்போனாள். சின்ன வயசு டாக்டர் கேசவனைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். கேசவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா" என்றாள் ஞானம்பாள்.